ரெண்டாவது டிக்கெட்

பட்டாபிராமில் எங்களுக்கு ஒரு பெயிண்ட் கடை இருக்கிறது. முன்னால் கடை, பின்னால் வீடு. சுற்றிலும் மனை போட்ட இடமெல்லாம் வீடாகிக்கொண்டே வந்ததில் கடைக்கு வேலை குறையவில்லை. சுவர்ப் பூச்சு காய்வதற்கு முன்பே புருஷனும் பெண்டாட்டியுமாகக் கலர் பார்க்க வந்துவிடுவார்கள். பெயிண்டர்களைப் பார்ப்பது, சரக்கு இறக்குவது, வண்டியில் ஏற்றி அனுப்புவது எல்லாம் என் வீட்டுக்காரர். கலர் மெஷின் என் பொறுப்பு. வெள்ளை பெயிண்ட் டின்னைத் திறந்து அதற்கு அடியில் வைத்து, அட்டையில் வந்தவர்கள் தொட்டுக் காட்டிய நிறத்தின் எண்ணைத் தட்டினால் சொட்டுச் சொட்டாக நிறம் இறங்கும். மூடிக் குலுக்கிக் கொடுக்க வேண்டும். அந்த மெஷினைக் கடைக்குக் கொண்டுவந்து இறக்கியபோது அதைத் தொட அவருக்குத் தயக்கம், எனக்கு ஆசை. அப்படித்தான் அது என்னுடையதாயிற்று.

பெயிண்ட் கம்பெனிக்காரர்கள் வருஷா வருஷம் ஒரு ஸ்கீம் போடுவார்கள். இவ்வளவு சரக்கு விற்றால் மிக்ஸி, அதற்கு மேல் விற்றால் தங்கக் காசு, அதற்கும் மேல் போனால் வெளிநாடு. நாங்கள் எப்போதும் மிக்ஸியோடு நின்றுவிடுவோம். வீட்டில் பிரிக்காத மிக்ஸிகள் பரண் மேல் கிடந்தன. அந்த வருஷம் மழை பலமாகப் பெய்து ஊர் முழுக்கச் சுவர்கள் ஊறிப் பூத்துப்போயின. மழை விட்டதும் எல்லோரும் ஒரே நேரத்தில் பெயிண்ட் அடிக்கக் கிளம்பினார்கள். மெஷினுக்கும் எனக்கும் ஓய்வில்லை. பொங்கலுக்கு முன்னால் ஒரு மத்தியானம் கம்பெனியின் சேல்ஸ் ஆபீசர் ஸ்வீட் பாக்ஸோடு வந்து நின்றார்.

"சார், தாய்லாந்து. ரெண்டு பேருக்கு" என்றார்.

என் வீட்டுக்காரர் ஸ்வீட்டை வாயில் போடுவதற்கு முன்பே போனை எடுத்துவிட்டார். "மச்சான், பாஸ்போர்ட்டு கீதா? எடுத்து வை. நம்ப ரெண்டு பேரும் ஃபாரின் போறோம்" என்றார். மச்சான் என்பது என் தம்பிதான். மண்ணூர்பேட்டையில் இருக்கிறான், அம்பத்தூர் இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டில் ஒரு கம்பெனியில் மெஷின் ஓட்டுகிறான். போனுக்கு அந்தப் பக்கம் அவன் போட்ட கத்தல் எனக்கே கேட்டது.

இப்போது நினைத்தால் ஆச்சரியமாக இருக்கிறது. அன்று எனக்கு அதில் ஒன்றும் தவறாகத் தெரியவில்லை. கடைக்காரர்களைக் கம்பெனி கூட்டிப்போகும் டூர் என்றால் ஆம்பிளைகள் போவார்கள், வருவார்கள், நமக்கு ஒரு தைல டப்பா வரும். அதுதான் வழக்கம். தம்பி ஊர் சுற்றப்போகிறானே என்று சந்தோஷமாகக்கூட இருந்தது.

சாயந்திரம் ஒரு டீச்சரம்மா படுக்கையறைக்குக் கலர் பார்க்க வந்தார்கள். வீட்டுக்காரர் அவர்களுக்கும் ஸ்வீட் கொடுத்து விஷயத்தைச் சொன்னார். அந்த அம்மா அட்டையைப் புரட்டிக்கொண்டே, "ரெண்டு டிக்கெட்டா? நல்லதாப் போச்சு. கல்யாணத்துக்கு அப்புறம் ரெண்டு பேரும் சேந்து எங்கயும் போயிருக்க மாட்டீங்க" என்றார்கள். பிறகு ஒரு பச்சையைத் தொட்டுக் காட்டினார்கள். நான் சிரித்தபடி டின்னைத் திறந்தேன். ஆனால் அந்தப் பேச்சு என்னை விடவில்லை. திருத்தணி, திருப்பதி, மேல்மருவத்தூர் தவிர நாங்கள் எங்கே போயிருக்கிறோம்? அதுவும் கும்பலோடு, வேன் பிடித்து.

மறுநாள் காலையில் அவர் இட்லி சாப்பிட உட்கார்ந்தபோது கேட்டேன்.

"ரெண்டாவது டிக்கெட்டு யாருக்கு?"

"மச்சானுக்கு. நேத்தே சொல்ட்டேனே."

"ஏன், எனக்கு இல்லியா?"

அவர் கை தட்டிலேயே நின்றுவிட்டது. "உனக்கா? நீ வந்து இன்னாமே பண்ணப்போற? அங்க வர்றது அத்தினி பேரும் ஜென்ட்ஸு."

"மெஷின்ல கலர் போட்டது யாரு?"

"நீதான்."

"அப்ப டிக்கெட்டுல பாதி என்னுதுதானே?"

அவர் இன்னொரு பக்கமாக வந்தார். "தோ பாரு, நம்ப ஊர்லியே வருஷம் பூரா வெயில் கொளுத்துது. அங்கியும் இதே வெயில், இதே தென்னமரம், இதே மாங்கா. இத்த பாக்க ஃப்ளைட்டு ஏறுவியா நீ?"

"அப்ப நீ எதுக்கு ஏறுற?"

மிச்சச் சட்னியை இட்லியால் வழித்துத் தின்றார். பிறகு மெதுவாக, "சரி. ஆனா மச்சான்கிட்ட நான் சொல்ல மாட்டேன். நீயே சொல்லிக்கோ" என்றார்.

ஞாயிற்றுக்கிழமை ரயில் பிடித்து அம்பத்தூரில் இறங்கி மண்ணூர்பேட்டைக்குப் போனேன். தம்பி கதவைத் திறந்தபோதே எனக்குத் திக்கென்றது. பெரிய பெரிய செம்பருத்திப் பூ போட்ட சட்டை, கண்ணில் கறுப்புக் கண்ணாடி. அவன் பெண்டாட்டி பின்னாலிருந்து, "காலைலேந்து இதே வேஷந்தான் அண்ணி" என்றாள். எஸ்டேட்டில் கூட வேலை பார்க்கிறவர்கள் எல்லோரிடமும் சொல்லிவிட்டானாம்.

சுற்றி வளைக்காமல் சொன்னேன். "டேய், எனக்குப் போவணும்னு ஆசையா கீதுடா."

கண்ணாடியைக் கழற்றினான். அவன் பெண்டாட்டி வைத்த டீயை நான் குடித்து முடித்தேன். கிளம்பலாம் என்று எழுந்தபோது, "மாமா போன் பண்ணப்பவே நினைச்சேன்க்கா, அக்கா எதுவும் கேக்கலியான்னு. அப்பால நான் ஏன் கேக்கணும்னு உட்டுட்டேன்" என்றான். சட்டையைக் கழற்றி மடித்து என் பையில் வைத்தான். "மாமாவுக்குக் குடு. அதுக்குத் தொப்பை கொஞ்சம் இடிக்கும்." நாங்கள் ஊரில் இல்லாத நாட்களில் லீவு போட்டுக் கடையைப் பார்த்துக்கொள்வதாகவும் அவனே சொன்னான்.

எனக்குப் பாஸ்போர்ட் கிடையாது. விண்ணப்பம் போட்ட பிறகு விசாரிக்கப் போலீஸ்காரர் ஒருவர் கடைக்கே வந்தார். "எந்த நாட்டுக்கும்மா?" என்றார். சொன்னேன். "நீங்களா?" என்று என்னை ஒருமுறை பார்த்தார். "நான்தான்" என்றேன். அதற்கு மேல் அவர் விசாரித்ததெல்லாம் தன் வீட்டு வடக்குச் சுவரில் ஈரம் ஏறுவதைப் பற்றி. அதற்கு என்ன அடிக்க வேண்டும் என்று விளக்கிச் சொன்னேன். பாஸ்போர்ட் சீக்கிரமே வந்தது. அதிலிருந்த போட்டோவில் நான் யாரையோ முறைப்பது போலிருந்தேன்.

ஊருக்குள் விஷயம் பரவியது. எங்கள் கடைக்கு வாடிக்கையாக வரும் பெயிண்டர் ஒருவர், நான் உள்ளே இருப்பது தெரியாமல் வீட்டுக்காரரைக் கலாய்த்தார். "அண்ணாத்தே, அண்ணியோடவா தாய்லாந்து போற? ஓட்டலுக்குப் போறப்ப ஊட்டு சாப்பாட்ட கட்டிக்கினு போற மாதிரியில்ல கீது."

நான் வெளியே வந்தேன். அவர் கேட்டிருந்த டின்னைக் கல்லாவுக்குக் கீழே வைத்தேன். மற்ற எல்லோருக்கும் போட்டுக் கொடுத்துவிட்டுக் கடைசியாகத்தான் எடுத்துக் கொடுத்தேன். அவர் தலையைச் சொறிந்துகொண்டு, "சும்மா தமாசுக்கு சொன்னேன் அண்ணி" என்றார். என் வீட்டுக்காரர் ரசீது புத்தகத்துக்குள் முகத்தை வைத்துச் சிரித்துக்கொண்டிருந்தார்.

உண்மையான சிக்கல் சேல்ஸ் ஆபீசர் மறுபடி வந்தபோதுதான் வந்தது. நல்ல பிள்ளை, அவர். டூருக்குப் பெயர் எழுதிக் கொடுத்தபோது என் பெயரைப் பார்த்து, "மேடம் வர்றாங்களா?" என்று கேட்டுவிட்டுப் பேனாவைக் கீழே வைத்தார்.

"வரக் கூடாதா?" என்றேன்.

"தாராளமா வரலாம் மேடம். ஆனா ப்ரோகிராம் வந்து... ஜென்ட்ஸ்க்குன்னு போட்டது."

"அப்படி இன்னா ப்ரோகிராமு?"

அவர் காது சிவந்துவிட்டது. "டின்னர் இருக்கு. அப்புறம் ஒரு ஷோ. அப்புறம்... இன்னொரு ஷோ."

"பகல்ல?"

"பகல்ல ரெஸ்ட் மேடம்."

என் வீட்டுக்காரர் கடை வாசலுக்குப் போய் ரோட்டைப் பார்த்து நின்றுகொண்டார். அந்தப் பிள்ளை பாவமாக, வேறு யாராவது குடும்பத்தோடு வந்தால் பகலில் தனியாக ஒரு படகு ஏற்பாடு செய்யலாம், எனக்காக மட்டும் செய்ய முடியாது என்றார். டூரில் வருகிற மற்ற கடைக்காரர்கள் யார் யார் என்று கேட்டேன். சொன்னார்.

பூந்தமல்லியில் ஒரு ஹார்டுவேர் கடைக்காரரின் மனைவியை எனக்குத் தெரியும். கம்பெனி விருந்து ஒன்றில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர்கள். திருநெல்வேலிப் பக்கத்து அக்கா. அதிர்ந்து பேச மாட்டார்கள். போன் செய்து விஷயத்தைச் சொன்னேன்.

"தாய்லாந்தா? அவிய ஏற்கெனவே போய்ட்டு வந்துட்டாவளே" என்றார்கள்.

"நீங்க போனீங்களா?"

"நான் எங்கம்மா போனேன். எனக்குத் தைலம் வந்துச்சு. இன்னும் பாதி கெடக்கு."

"ரெண்டு டிக்கெட்டு அக்கா. ஒண்ணு உங்களுதுதான்."

அந்தப் பக்கம் அடுப்பை அணைக்கும் சத்தம் கேட்டது. பிறகு, "நான் அவியள்ட்ட கேட்டுட்டுச் சொல்லுதேன்" என்றார்கள். அரை மணியில் திரும்பக் கூப்பிட்டார்கள். "கேக்கல. நானும் வாரேன்னு சொல்லிட்டேன். ஆவடி கடைக்காரவ நம்பர் என்கிட்ட இருக்கு. அவளையும் கூப்பிடட்டா?"

அதற்குப் பிறகு என் கையில் ஒன்றுமில்லை. அக்கா ஒவ்வொருத்தராகக் கூப்பிட்டார்கள். கடைக்காரர்களின் வாட்ஸ்அப் குரூப்பில், நாளெல்லாம் ஓடிக்கொண்டிருந்த தாய்லாந்து ஜோக்குகள் சட்டென்று நின்றுபோயின என்று வீட்டுக்காரர் சொன்னார். ஒருவர் மட்டும், "யாரு ஆரம்பிச்சது இத?" என்று கேட்டிருக்கிறார். வீட்டுக்காரர் வாயைத் திறக்கவில்லை. ஒரு வாரத்தில் சேல்ஸ் ஆபீசர் மறுபடி வந்து, கிட்டத்தட்ட பாதிப் பேர் பெண்கள் என்று சொல்லித் தண்ணீர் வாங்கிக் குடித்தார். "பகல்ல என்ன பாக்கணும்னு நீங்களே சொல்லிடுங்க மேடம்."

நான் தயாராக இருந்தேன். கடையில் ஆள் இல்லாத நேரமெல்லாம் போனில் வீடியோ பார்த்து வைத்திருந்தேன். நடுக்கடலில் தூண் மாதிரி நிற்கிற பாறைகள், அவற்றுக்கு நடுவே நீள மூக்குப் படகுகள், இடுப்பளவுத் தண்ணீரிலும் கால் விரல் தெரிகிற தெளிவு. அந்தத் தண்ணீரின் நிறத்தை எடிட் பண்ணியிருக்கிறார்கள் என்று வீட்டுக்காரர் சாதித்தார். இருக்காது என்று நான் சாதித்தேன். தினம் நீலத்தில் நீலம் கலக்கிறவள் நான். என் மெஷினில் அந்த நிறம் வராது. தீவு, பழ மார்க்கெட், கண்ணாடி மாட்டிக்கொண்டு தண்ணீருக்குள் மீன் பார்ப்பது என்று நான் சொல்லச் சொல்ல அந்தப் பிள்ளை குறித்துக்கொண்டார்.

"தண்ணிக்குள்ள யாரு எறங்குறது?" என்றார் வீட்டுக்காரர்.

"நம்பதான்."

"நீச்சல் தெரியுமா உனக்கு?"

"ஜாக்கெட் குடுப்பாங்களாம். மெதக்குமாம்."

அவர் முகம் ஒரு மாதிரி ஆனது. படகில் ஏறிப் பழக்கமில்லாததுதான் காரணம் என்று நினைத்து, அடுத்த ஞாயிற்றுக்கிழமை சாயந்திரம் பருத்திப்பட்டு ஏரிக்குக் கூட்டிப்போனேன். அங்கே காலால் மிதிக்கிற படகு உண்டு. சின்னப் பிள்ளைகள்கூட ஏறிப் போய்க்கொண்டிருந்தார்கள். கரையில் சுண்டல் வாசனை, காற்று, நடக்க வந்தவர்களின் கூட்டம். ஏறி உட்கார்ந்து மிதிக்க ஆரம்பித்தோம். கொஞ்ச தூரம் போனதும் என் பக்கம் மட்டும் சுற்றுவது தெரிந்தது. திரும்பிப் பார்த்தேன். அவர் இரண்டு கையாலும் படகின் விளிம்பைப் பிடித்துக்கொண்டிருந்தார். கால் மிதியில் இல்லை. நெற்றியெல்லாம் வேர்வை.

"இன்னாய்யா ஆச்சு?"

"ஒண்ணுமில்ல. திருப்பு. கரைக்குப் போ."

கரையில் ஏறிப் பெஞ்சில் உட்கார்ந்த பிறகுதான் சொன்னார். அவர் அப்பா அந்தக் காலத்தில் இந்தப் பக்கத்து வயல்களில் கூலி வேலை பார்த்தவர். சின்ன வயதில் மாட்டைக் கழுவ ஏரிக்குள் இறங்கியபோது இவர் கால் வழுக்கி உள்ளே போய்விட்டாராம். அப்பாதான் தலைமுடியைப் பிடித்து வெளியே இழுத்துப் போட்டிருக்கிறார். அன்றிலிருந்து முழங்காலுக்கு மேல் தண்ணீர் என்றால் உடம்பு உதறும்.

"இத்தினி வருஷமா சொல்லவே இல்லியே."

"நம்ப ஊட்ல பக்கெட்லதானே குளிக்கிறோம். எதுக்கு சொல்லணும்?"

எனக்குச் சிரிப்பும் வந்தது, மனசும் இளகியது. மச்சானோடு போயிருந்தால் பகலெல்லாம் ரூமில் தூங்கிவிடலாம், ராத்திரி சாப்பாட்டுக்குப் போகலாம், கடல் பக்கமே போக வேண்டாம் என்று கணக்குப் போட்டிருந்தாராம். நான் வருகிறேன் என்றதும் அந்தக் கணக்கு கெட்டுவிட்டது. "தண்ணில எறங்காத. படகுல உக்காந்துக்கோ. அது போதும்" என்றேன். "படகுல உக்காருறதே பேஜாருதான்" என்றார். பிறகு அவரே எழுந்து போய் இன்னும் ஒரு முறைக்குச் சீட்டு வாங்கிக்கொண்டு வந்தார். இரண்டாவது முறை அவரும் கொஞ்சம் மிதித்தார். நாங்கள் போவதற்குள் இன்னும் சில ஞாயிற்றுக்கிழமைகள் அந்த ஏரிக்குப் போனோம். படகுக்காரருக்கு எங்கள் முகம் பழகிவிட்டது. கடைசித் தடவை வீட்டுக்காரர் ஒரு கையை விளிம்பிலிருந்து எடுத்துச் சுண்டல் சாப்பிட்டார்.

கிளம்புகிற நாள் விமான நிலையத்தில் எங்கள் கும்பலைப் பார்த்திருக்க வேண்டும். ஆம்பிளைகள் எல்லோரும் ஒரே மாதிரி கம்பெனி டி‌ஷர்ட்டில், பள்ளிக்கூடப் பிள்ளைகள் போல அமைதியாக. பெண்கள் ஒருவர் மாற்றி ஒருவர் பேசிக்கொண்டே. பூந்தமல்லி அக்கா எல்லோருக்குமாகப் புளியோதரை கட்டிக்கொண்டு வந்திருந்தார்கள். ஆவடிக்காரி எள்ளுப் பொடி. விமானம் மேலே ஏறும்போது அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டு, "இப்பம் கீழ நம்ம கடை தெரியுமோ?" என்றார்கள். ஒரே வெளிச்சப் புள்ளிகளாக இருந்தது. எது பூந்தமல்லி, எது பட்டாபிராம் என்று தெரியவில்லை. இரண்டு பேரும் ஆளுக்கொரு புள்ளியை எங்களுடையது என்று வைத்துக்கொண்டோம்.

அந்த ஊரும் அவர் சொன்னது போல வெயில்தான். தென்னை மரம்தான். மார்க்கெட்டில் மாங்காயைக் கீறி மிளகாய்ப் பொடி தூவி விற்றார்கள். "நான் சொல்லல?" என்றார் வீட்டுக்காரர், தின்றுகொண்டே. ஆனால் தோலெல்லாம் முடி முளைத்த சிவப்புப் பழத்தை உரித்துத் தின்றதும் அவர் பேச்சு நின்றது. கடைக்கார அம்மாவிடம் கால்குலேட்டரைக் காட்டிப் பேரம் பேசினார். அவர் பேசியது நம்ம ஊர் பாஷை, அந்த அம்மா பேசியது அவர்கள் பாஷை. இரண்டு பேரும் கோபப்பட்டு, சிரித்து, கடைசியில் ஒரு விலைக்கு வந்து, அந்த அம்மா மேலே ஒரு கைப்பிடி பழத்தை அள்ளிப் போட்டார்.

படகுப் பயணம் மறுநாள். வீடியோவில் பார்த்த நிறம் பொய்யில்லை. தீவுக்குப் பக்கத்தில் படகை நிறுத்தி, ஆரஞ்சு ஜாக்கெட்டும், வாயில் வைத்து மூச்சு விடுகிற குழாயோடு கண்ணாடியும் கொடுத்தார்கள். பெண்கள் லெக்கிங்ஸும் நீளச் சட்டையுமாகத் தயாராக இருந்தோம். யார் முதலில் இறங்குவது என்று பார்த்துக்கொண்டிருந்தபோது, அதிர்ந்து பேசாத பூந்தமல்லி அக்கா, "முருகா" என்று சொல்லிவிட்டு ஏணியில் இறங்கியே விட்டார்கள். மிதந்தார்கள். "ஏ, தூக்குதும்மா" என்று அவர்கள் சொன்னதும் மற்றவர்கள் வரிசையாக இறங்கினோம்.

முகத்தைத் தண்ணீருக்குள் வைத்தேன். கீழே மஞ்சளில் கறுப்புக் கோடு போட்ட மீன்கள், நான் இருப்பதையே சட்டை செய்யாமல், கூட்டமாகத் திரும்பின. நான் மெஷினில் கலக்கிய எந்த நிறமும் இப்படி அசைந்ததில்லை. மூச்சை வாயால் விட வேண்டும் என்பதே மறந்துபோனது. உப்புத் தண்ணீர் உள்ளே போய் இருமிக்கொண்டே மேலே வந்தேன். படகில் என் கைப்பையை மடியில் வைத்து உட்கார்ந்திருந்த வீட்டுக்காரர் எழுந்தே நின்றுவிட்டார்.

"ஏ, இன்னாமே ஆச்சு?"

"ஒண்ணும் ஆவல. மீனு. நீயும் வந்து பாரு."

"நான் இங்கேந்தே பாக்கறேன்."

"அங்கேந்து தெரியாதுய்யா."

அவர் என்னைப் பார்த்தார், ஏணியைப் பார்த்தார். தொப்பையில் இடிக்கும் என்று தம்பி சொன்ன அந்தச் செம்பருத்திச் சட்டையைத்தான் போட்டிருந்தார். அதற்கு மேலேயே ஜாக்கெட்டை மாட்டச் சொன்னார். படகுக்காரர் பட்டையை இழுத்துக் கட்டிவிட்டார். ஏணியின் ஒவ்வொரு படியிலும் நின்று நின்று இறங்கினார். கடைசிப் படியில் என் மணிக்கட்டைப் பிடித்தார்; வலித்தது. கையை விட்டுப் படியிலிருந்து நகர்ந்தபோது கண்ணை மூடியிருந்தார். ஜாக்கெட் அவரைத் தூக்கிப் பிடித்தது. கண்ணைத் திறந்தார். சுற்றிலும் பார்த்தார். மற்ற கடைக்காரர்கள் கை தட்டினார்கள். அவர் யாரையும் பார்க்கவில்லை. "மெதக்குறேன்" என்று என்னிடம் மட்டும், ஏதோ ரகசியம் போலச் சொன்னார்.

முகத்தை மட்டும் கடைசிவரை உள்ளே வைக்கவில்லை. கண்ணாடியை நெற்றியில் மாட்டிக்கொண்டு, நான் பார்த்துச் சொன்ன மீன்களுக்கெல்லாம் "அப்படியா, அப்படியா" என்று கேட்டுக்கொண்டு பக்கத்திலேயே மிதந்தார்.

மணலில் ஏறிப் புளியோதரைப் பொட்டலம் பிரித்தபோது அவருக்கு உடனே மச்சானிடம் பேச வேண்டும். ஸ்பீக்கரில் போட்டார்.

"மச்சான், கடல்ல எறங்கிட்டேன்டா."

"பொய் சொல்லாத மாமா. உனக்குத் தண்ணின்னா ஆவாதுன்னு எனக்குத் தெரியும்" என்றான் தம்பி. அப்போதுதான் எனக்கு உறைத்தது, அவனுக்கு இது எப்போதோ தெரியும் என்று.

"உண்மைதான்டா" என்றேன் நான். "உன் சட்டைதான் சாட்சி. பிழிஞ்சா ஒரு பக்கெட் வரும்."

அவன் சிரித்தான். அவன் சிரிப்புக்குப் பின்னால் எங்கள் கடைச் சத்தம் கேட்டது: ரோட்டில் லாரி, யாரோ டின் தட்டுவது. "அது கெடக்கட்டும்க்கா. கஸ்டமர் நிக்கிறாரு. அந்த சந்தனக் கலருக்கு எந்த வெள்ள டின்னு எடுக்கணும்? மேல் வரிசையா, கீழ் வரிசையா?"

"கீழ் வரிசை. இடது கைப்பக்கம். நல்லா குலுக்கிக் குடு" என்றேன். ஈர மணலில் கால் புதைய நின்று, எந்த எண்ணைத் தட்ட வேண்டும் என்பதையும் சொன்னேன். பக்கத்தில் வீட்டுக்காரர் சட்டையைக் கழற்றிப் பிழிந்துகொண்டிருந்தார்.